கிணற்று நீரை வாசிப்போம்

மீளக் குடியேறும் குடும்பம் ஊர் திரும்பியதும் முதலிற் பார்ப்பது கிணற்றைத்தான். பற்றை வெட்டி, குப்பை அள்ளி, நீரை இறைத்துப் பாவனைக்கு எடுக்கிறோம். ஆனால் உரியவர் திரும்பாத வளவுகளில் கிணறுகள் இன்னும் திறந்தபடி கிடக்கின்றன. அந்த நீரில் வாழும் சிற்றுயிர்கள் எமக்கு ஒரு செய்தி சொல்கின்றன. அதை வாசிக்கக் கற்பதே இப்பாடம்.

ஏன் பார்க்க வேண்டும்?

1934-35இல் மழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குட்டைகளாகின. தெளிந்த குட்டை நீரில் மலேரியா நுளம்பு பெருகியது. அக்கொள்ளைநோயில் இந்நாட்டில் சுமார் 80,000 பேர் மாண்டனர்.

நீண்ட போராட்டத்தின் பின், 2012 ஒக்டோபரோடு உள்ளூரில் தொற்றும் மலேரியா நின்றது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. அதே ஆண்டு டிசெம்பரில், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற நுளம்பு, இலங்கையில் முதன்முதலாக எமது மன்னார்த் தீவிலே கண்டறியப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. கிணறும் நீர்த்தொட்டியும் அது விரும்பும் இடங்கள். நோய் பரவியபின் அல்ல, முன்னதாகவே தேடிப் பார்த்ததனால்தான் அது அகப்பட்டது. அவ்வாறு தேடும் கண்கள் எமக்கும் வேண்டும்.

தேவையானவை

நீண்ட பிடியுள்ள அகப்பை, கயிறு கட்டிய வாளி, வெள்ளைக் கோப்பை, போத்தல், கொப்பி.

பார்க்கும் முறை

1. எமது நிழல் நீரில் விழாதபடி நிற்போம். நிழல் பட்டால் நுளம்புக் குடம்பிகள் அடியில் மறைந்துவிடும். சற்றுப் பொறுத்தால் மூச்செடுக்க மீண்டும் மேலே வரும்.
2. அகப்பையைச் சரித்து, கரையோரமாக மெதுவாக அள்ளுவோம். கிணற்றில் வாளியை ஓரமாக இறக்குவோம்.
3. வெள்ளைக் கோப்பையில் ஊற்றி, நீர் அடங்கும்வரை காத்திருந்து பார்ப்போம்.
4. ஓரிடத்திற் பத்துத் தடவை அள்ளி, கண்டவற்றை நாள், இடத்தோடு எழுதுவோம்.

வெப்பமான நீரில் முட்டை நுளம்பாக ஒன்று முதல் இரண்டு வாரம் போதும். ஆகவே வாரம் ஒருமுறை பார்ப்பது நன்று.

காண்பவை

தலைகீழாகத் தொங்கும் குடம்பி வாலில் உள்ள குழாயால் மூச்செடுப்பது. டெங்கு, யானைக்கால் நோய்களைப் பரப்பும் நுளம்புகள் இவ்வகையின. நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்திருக்கும் குடம்பி அனோபிலிஸ் வகையது. அதிற் பல இனங்கள் உண்டு. எல்லாம் மலேரியாவைப் பரப்புவதில்லை. எந்த இனமென நுணுக்குக்காட்டியாலேதான் சொல்லலாம்.

தும்பியின் குடம்பியும் மல்லாந்து நீந்தும் பூச்சியும் எமது நண்பர்கள். இவை நுளம்புக் குடம்பிகளைத் தின்பவை. வாய்க்காலிலே மூன்று மெல்லிய வாலுள்ள சிறு பூச்சி காணப்பட்டால், நீரில் காற்று நன்கு கலந்துள்ளது எனலாம். செந்நிறப் புழு மட்டும் நிறைந்திருந்தால், நீர் தேங்கி அழுகத் தொடங்கியிருக்கலாம்.

ஒன்றை மறவாதிருப்போம். தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரல்ல. ஸ்டெபென்சி தெளிந்த நீரிலும் வளரும். நோய்க்கிருமிகளோ கண்ணுக்குத் தெரியா. குடிநீரைக் கொதிக்கவைத்தே பருகுவோம்.

என்ன செய்வோம்?

படுத்திருக்கும் குடம்பியைக் கண்டால், அதே நீரோடு போத்தலில் எடுத்து, காற்றுப் புக இடம்விட்டு மூடி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அல்லது மலேரியாத் தடை இயக்க அலுவலரிடம் கொடுப்போம். மண்ணெண்ணெயோ வயல் மருந்தோ கிணற்றில் ஊற்ற வேண்டாம். அது குடிநீரைக் கெடுக்கும். தும்பிக் குடம்பியையும் கொல்லும். நுளம்பு விரைவில் திரும்பும், தும்பி திரும்பச் சுணங்கும். பாவிக்கும் கிணற்றுக்கு நுளம்பு புகாத வலைமூடி இடுவோம். குடம்பி தின்னும் மீன்களை விடுவதானால் அலுவலரைக் கேட்டே செய்வோம்.

நுளம்பு தானாக மலேரியாவை உண்டாக்குவதில்லை. நோயாளியின் இரத்தத்திலிருந்தே கிருமியைப் பெறுகிறது. இந்தியாவிலிருந்தோ மலேரியா உள்ள வேறு நாட்டிலிருந்தோ திரும்பியவருக்குக் காய்ச்சல் வந்தால், எங்கிருந்து வந்தார் என்பதை வைத்தியரிடம் கூறி இரத்தப் பரிசோதனை செய்விப்போம். திரும்பி வருபவரைச் சந்தேகிப்பதற்காக அல்ல, அவரையும் ஊரையும் காப்பதற்காகவே.

கலந்துரையாடுவோம்

1. எமது கிராமத்தில் ஆளற்ற வளவுகளில் எத்தனை கிணறுகள் திறந்து கிடக்கின்றன?
2. அவற்றை வாரந்தோறும் பார்க்கும் பொறுப்பை யார் யார் ஏற்பர்?
3. உரியவர் திரும்பும்வரை அக்கிணறுகளை மூடிக் காக்க எம்மால் என்ன செய்ய முடியும்?