வானில் பறந்த கடிகாரம்

"காலம் பொன் போன்றது" என்பர் பெரியோர். அந்தக் காலத்தை வானில் அளந்த ஒரு கடிகாரத்தைப் பற்றிக் கூற விரும்புகிறேன், அன்புத் தோழியரே!

என் அப்புச்சி பீளமேட்டில் ஒரு மோட்டார் பட்டறையில் கடைசல் வேலை செய்தவர். சென்ற கோடை விடுமுறையில், உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் வாங்கிய கனமான கறுப்புக் கடிகாரம் ஒன்றை எனக்குத் தந்தார். சோவியத் நாட்டின் செல்யாபின்ஸ்க் நகரில் செய்யப்பட்ட ஏ.சி.எச்.எஸ்.-1 என்னும் விமானக் கடிகாரம் அது. நம் விமானப்படையில் 1963 முதல் 2025 வரை பணியாற்றிய மிக்-21 விமானங்களில் இவ்வகைக் கடிகாரம் இருந்தது.

சாவி கொடுத்தும் அது ஓடவில்லை. நான் திருப்புளியை எடுத்தேன். "பொறு அம்மணி! உள்ளே போறதுக்கு முன்னால வெளியே இருக்கிறதை முழுசாப் பாரு" என்றார் அப்புச்சி.

பள்ளி திறந்ததும் அறிவியல் ஆசிரியையான சகோதரியிடம் கேட்டேன். அவர் திடுக்கிட்டார். இருளில் தெரிவதற்காகப் பழைய விமானக் கடிகாரங்களின் எண்களில் ரேடியம் கலந்த வண்ணம் பூசுவதுண்டாம். மேரி கியூரியும் அவர் கணவரும் 1898-இல் கண்டுபிடித்த ரேடியம், பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1600 ஆண்டுகள் ஆகும். ஒளி மங்கினாலும் கதிர்வீச்சு மங்காது. அந்தத் தூள் உடலுக்குள் போனால் பெருந்தீங்கு. நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில், தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கி இவ்வண்ணம் பூசிய பெண்கள் பலர் நோயுற்று மாண்டனர். அவர்களுள் நம் வயதினரும் இருந்தனர் என்று கேட்டு என் கை நடுங்கியது. திருப்புளியைப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

பிறகு கடிகாரத்தின் முகத்தை நோட்டில் வரைந்து, ஒவ்வொன்றாகச் சோதித்தேன். இடப்பக்கக் குமிழை இடஞ்சுழியாகத் திருகினால் சாவி ஏறும். வெளியே இழுத்துத் திருகினால் முட்கள் நகரும். வலப்பக்கக் குமிழை இடஞ்சுழியாகச் சற்றுத் திருப்பினேன். 'டிக் டிக்' என்று ஓடத் தொடங்கியது! அதை வலஞ்சுழியாகத் திருப்பினால் கடிகாரம் நின்றுவிடும். நேரத்தைச் சரியாக வைக்க உதவும் ஏற்பாடு அது. பழுது எதுவும் இல்லை. யாரோ நிறுத்தி வைத்திருந்தார்கள், அவ்வளவே!

மேலே உள்ள சிறு வட்டம் பறந்த நேரத்தைக் காட்டும். இடக்குமிழை ஒருமுறை அழுத்தினால் அது ஓடும், மறுமுறை நிற்கும், மூன்றாம் முறை பூச்சியத்துக்குத் திரும்பும். சிறு சாளரத்தில் சிவப்பு தெரிந்தால் ஓடுகிறது, வெள்ளை தெரிந்தால் பூச்சியத்தில் உள்ளது என்று பொருள். கீழ் வட்டம் நிறுத்தற் கடிகாரம். அதற்கு வலக்குமிழை அழுத்த வேண்டும். 11 கிலோமீட்டர் உயரத்தில் வெளியே குளிர் ஏறத்தாழ −56 பாகை. அக்குளிரில் எண்ணெய் இறுகிவிடாதிருக்க உள்ளே மின்சூடேற்றியும் உண்டு.

இப்போது அது மூடி திறக்கப்படாமலே அப்புச்சி வீட்டு அலமாரியில் ஓடுகிறது. தோழியரே, ஒரு பொருள் இயங்காவிடில் உடனே உடைத்துப் பார்க்க வேண்டியதில்லை. முதலில் பாருங்கள், அடுத்து, அறிந்தவரிடம் கேளுங்கள், அதன் பிறகே கை வையுங்கள்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி