பள்ளியறைக் கண்ணாடியும் அன்றாடக் கணக்கும்

அய்யா உண்டு.

பதிகளிலும் நிழல் தாங்கல்களிலும் பள்ளியறைக்குள் சிலை கிடையாது. நிலைக்கண்ணாடி இருக்கும், இருபுறமும் விளக்கு எரியும். வணங்க வருகிறவர் அதில் காண்பது தம் முகத்தையே. இறைவன் வெளியே இல்லை, உள்ளே இருக்கிறார் என்பதே இதன் பொருள் என்று பெரியவர்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அன்புக்கொடி மக்களின் பிள்ளைகளுக்கும் இது தெரியும்.

இந்தப் பொருளுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. உள்ளே இருக்கிற இறைவனை மறைக்கும் திரையும் அதே முகத்தில்தான் தெரியும். அன்றைய கோபம், அன்றைய பொய், அன்றைய அகந்தை எதையும் அந்த விளக்கொளியில் ஒளித்து வைக்க முடியாது. ஆகவே கண்ணாடி முன் நிற்கும் நேரம் வரம் கேட்கும் நேரம் மட்டும் அல்ல, கணக்குப் பார்க்கும் நேரமும்தான்.

கலி இருக்கும் இடம்

குறோணியை மாயோன் ஆறு துண்டாக வெட்டியதையும், அத்துண்டுகள் யுகந்தோறும் அசுரர்களாகப் பிறந்ததையும் அகிலத்திரட்டு அம்மானை விரித்துச் சொல்கிறது. இராவணனாகவும் துரியோதனனாகவும் வந்தபோது பகைவனுக்கு உடல் இருந்தது, ஊர் இருந்தது, படை இருந்தது. போர்க்களத்தில் அவனை எதிர்க்க முடிந்தது. கடைசித் துண்டாகிய கலி அப்படி அல்ல. அவன் மனித மனத்துக்குள் குடியேறியவன். அதனால் இந்த யுகத்தின் போர்க்களமும் மனம்தான்.

எதிரி வெளியே நின்றால் ஊரே சேர்ந்து காவல் காக்கலாம். உள்ளே இருந்தால் அவரவர்தான் காவல். தன்னைத் தானே நாள்தோறும் ஆராய்வது அன்புக்கொடி மக்களுக்கு விருப்பப்பட்டால் செய்கிற காரியம் அல்ல, அது அவரவர் முறைக்காவல்.

துவையல் தவசு கற்றுத் தருவது

கொல்லம் ஆண்டு 1008 மாசி 20 ஆம் நாள், அதாவது 1833 இல், அய்யா வைகுண்டர் திருச்செந்தூர்க் கடலிலிருந்து அவதரித்தார். சாமிதோப்பில் 6 ஆண்டுகள் தவம் இருந்தார். முதல் 2 ஆண்டுகள் குழிக்குள், அடுத்த 2 ஆண்டுகள் தரையில், கடைசி 2 ஆண்டுகள் உயர்ந்த மேடையில். தாழ்விலிருந்து உயர்வுக்கு ஒரே தாவலில் போக முடியாது, படிப்படியாகவே ஏற வேண்டும் என்பதை இந்த முறையே காட்டுகிறது.

பின்னர் 700 குடும்பங்களைத் துவையல் தவசுக்கு அனுப்பினார். கடற்கரையில் தங்கி, நாள்தோறும் நீராடி, உடுத்த துணியைத் துவைத்து, எளிய சைவ உணவு உண்டு அவர்கள் தவம் இருந்தார்கள். துவைத்த துணி மறுபடி அழுக்காகும் என்பது அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். அழுக்காகிவிடுமே என்று துவைக்காமல் விடுவாரும் இல்லை, ஒரு நாள் துவைத்தது ஆயுளுக்கும் போதும் என்பாரும் இல்லை. மனத்துக்கும் அதே நியதிதான். மாசியில் அவதார நாளுக்குச் சாமிதோப்பு போய் வந்தாயிற்று, இனி அடுத்த மாசிக்குப் பார்க்கலாம் என்று இருந்தால், நடுவில் சேரும் அழுக்கை யார் எடுப்பது?

அளக்கும் கருவியையும் அளக்க வேண்டும்

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் இயந்திரக் கூடங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வழக்கம் நன்றாகத் தெரியும். கடைந்த உருப்படியை கேஜ் வைத்துப் பார்ப்பார்கள். அளவு சரியாக இருந்தால் போகும், இல்லாவிட்டால் தள்ளுபடி. ஆனால் அந்த கேஜும் தேயும். அதனால் குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை அதையே எடுத்து, மாஸ்டரோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்கள். இதற்குக் காலிபரேஷன் என்று பெயர். தேய்ந்த கேஜைக் கொண்டு அளந்தால் நல்ல உருப்படி குப்பைக்குப் போகும், கெட்டது வண்டியில் ஏறிவிடும்.

மனமும் ஓர் அளவுகோல்தான். இவன் சோம்பேறி, அவன் திமிர் பிடித்தவன் என்று நாள் முழுவதும் பிறரை அளந்துகொண்டே இருக்கிறது. அந்த அளவுகோல் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது எப்போது? கண்ணாடி முன் நிற்கும் அந்தச் சிறிது நேரத்தில்தான். அங்கே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய மாஸ்டர், அய்யா காட்டிய தர்மம்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

முதல் கேள்வி: இன்று நான் யாரைத் தாழ்த்தினேன்?

மூக்கண்டப்பள்ளியில் இருக்கிற லைன் வீடு ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். வரிசையாக அறைகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். ஓர் அறையில் கன்னியாகுமரிப் பக்கத்துக் குடும்பம், அடுத்த அறையில் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர்கள் நான்கு பேர். தண்ணீர் வரும் நேரம் குறைவு. "அவனுங்க கடைசியில் பிடிக்கட்டும்" என்று ஒரு சொல் எழுகிறது. எல்லாரும் பேசாமல் இருக்கிறார்கள். பையன்கள் குடத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போகிறார்கள்.

திருவிதாங்கூர் காலத்தில் இதே சொல்லைக் கேட்டுப் பின்னால் போனவர்கள் அன்புக்கொடி மக்களின் முன்னோர்கள். பொதுக் கிணறு அவர்களுக்கு மறுக்கப்பட்டது. தலைப்பாகை கட்டவும் உரிமை இல்லை. அந்த நிலையை மாற்றவே எல்லாச் சாதியாரும் ஒன்றாக நீர் எடுக்கவும் குளிக்கவும் சாமிதோப்பில் முத்திரிக்கிணற்றை ஏற்படுத்தினார் அய்யா. இன்றும் அந்த நீரில் குளித்துவிட்டே மக்கள் பதிக்குள் போகிறார்கள். அந்தக் கிணற்று நீரில் குளித்து வந்த உடம்பு, லைன் வீட்டுக் குழாயடியில் இன்னொருவரைப் பின்னால் நிறுத்தலாமா? தாழ்த்தப்பட்டவர் தலை நிமிர்ந்ததோடு அய்யாவின் வேலை முடியவில்லை. நிமிர்ந்தவர் இன்னொருவர் தலையைக் குனிய வைக்காதபோதுதான் அது முடியும்.

இரண்டாவது கேள்வி: இன்று யாருக்கு அஞ்சி உண்மையை விழுங்கினேன்?

ஒரு ஷிப்டில் தவறு நடக்கிறது. மேலே இருப்பவர் கேட்கும்போது, காண்ட்ராக்ட் பையன் மேல் பழியைப் போடுவது எளிது. அவனுக்கு மொழி தெரியாது, எதிர்த்துப் பேச ஆளும் இல்லை. மன்னர் பிடித்துவரச் சொன்னபோது அய்யா ஓடி ஒளியவில்லை. திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்புச் சிறையிலும் தாம் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. அந்த வழியில் வந்தவர், சம்பளத்தில் ஒரு நாள் பிடித்தம் ஆகுமே என்று பொய் சொன்னாரா என்று தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது கேள்வி: இன்று என் கைக்கு வந்ததில் தர்மத்துக்கு எவ்வளவு போயிற்று?

தர்மம் என்றால் பணம் மட்டும் அல்ல. காய்ச்சலில் கிடக்கும் பக்கத்து அறைக்காரருக்குக் கஞ்சி, புதிதாக வந்தவருக்கு வேலை கற்றுக் கொடுத்த கால் மணி நேரம், ஓவர்டைம் பணம் டாஸ்மாக் கடைக்குப் போகாமல் வீட்டுக்குப் போனது, எல்லாமே இந்தக் கணக்கில் சேரும்.

செய்யும் முறை

மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்ப்பவருக்கு அந்தி என்பது ஒரே நேரத்தில் வராது. இரவு ஷிப்டு முடித்து வருகிறவருக்குக் காலையே நாளின் முடிவு. வேலை முடிந்து, குளித்து, உறங்கப் போகும் முன் உள்ள நேரமே அவரவருக்குரிய நேரம். பெரிய பூசை அறை தேவை இல்லை. நெற்றியில் திருமண் இட்டு, விளக்கு ஏற்றி, சுவரில் மாட்டிய சிறு கண்ணாடி முன் பத்து நிமிடம் அமைதியாக நின்றால் போதும். மூன்று கேள்விகளையும் கேட்டு, உண்மையான பதிலை மனத்துக்குள் சொல்ல வேண்டும். பிறகு நாளைக்குத் திருத்த ஒரே ஒரு காரியத்தை முடிவு செய்ய வேண்டும். குழாயடியில் அவர்களை முன்னால் விடுவேன் என்பது போல, செய்யக்கூடிய சிறிய காரியமாக அது இருக்கட்டும்.

இதில் இரண்டு பக்கமும் வழுக்கும். ஒன்று, குற்றம் எதுவும் தெரியவில்லை என்று திருப்தியோடு போவது. அப்படித் தோன்றும் நாளில் அன்று சந்தித்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்க வேண்டும். எங்கேயாவது ஒரு முகம் வாடியிருக்கும். மற்றொன்று, நான் திருந்தவே மாட்டேன் என்று நொந்துபோவது. அதுவும் கலியின் வேலைதான். கண்ணாடியில் குற்றம் செய்த முகம் தெரிகிறது என்றால் விளக்கு எரிகிறது என்று பொருள். விளக்கு எரியும் வரை திருந்த வழி இருக்கிறது.

ஊரை விட்டு வந்து எல்லை ஓரத்தில் பிழைக்கும் மக்களுக்குப் பதி தூரத்தில்தான் இருக்கிறது. கண்ணாடியோ கை எட்டும் தூரத்தில் இருக்கிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் இந்தியும் ஒடியாவும் கலந்து ஒலிக்கும் மூக்கண்டப்பள்ளியில், அய்யாவை அறியாதவர்கள் அவரைப் பற்றி முதலில் தெரிந்துகொள்வது புத்தகத்தில் அல்ல, அன்புக்கொடி மக்கள் நடந்துகொள்ளும் விதத்தில்தான். நாளைக் காலை குழாயில் தண்ணீர் வரும்போது அந்தப் பாடம் தொடங்கட்டும்.

அய்யா உண்டு.