கற்பனைக் கோட்டை வரையலாம், வேலையும் பெறலாம்!

ஜெர்மனியின் பவேரியாவில் ஒரு பாறை முகட்டில் நிற்கிறது நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை. அதை முதலில் தாளில் வரைந்து காட்டியவர் கட்டடக் கலைஞர் அல்லர். கிறிஸ்டியான் யாங்க் என்ற நாடக மேடை ஓவியர். மன்னர் இரண்டாம் லூட்விக்கின் கனவுக்கு அவர் உருவம் கொடுத்தார். அதைக் கட்டக்கூடிய வரைபடமாக மாற்றியவர் எடுவார்ட் ரீடல். 1869இல் அடிக்கல் நாட்டினார்கள். 1955இல் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்தின் கோட்டைக்கும் அதுவே முன்மாதிரி ஆனது.

கற்பனைக் கோட்டை வரைவது இன்றும் சம்பளம் தரும் வேலைதான். திரைப்படக் கலைத்துறை, அனிமேஷன் நிறுவனங்கள், வீடியோ கேம் ஸ்டூடியோக்கள், சிறுவர் நூல் பதிப்பகங்கள் என்று பல இடங்களில் இதற்கு ஆள் தேடுகிறார்கள். ‘பாகுபலி’யின் மகிழ்மதிக்கு சாபு சிரில், ‘பொன்னியின் செல்வ’னுக்குத் தோட்டா தரணி என்று நாம் அறிந்த பெரிய பெயர்களுக்குப் பின்னால், பக்கம் பக்கமாக வரைந்து தள்ளும் ஓவியர் குழு ஒன்று உழைக்கிறது. அந்தக் குழுவில் இடம்பிடிக்க விரும்புகிறவர்களுக்கே இந்த வழிகாட்டி.

முதலில் ஒன்றை மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். கோபுரங்களை அடுக்கினால் படம் அழகாக இருக்கும், வேலை கிடைக்காது. ‘இந்தச் சுவர் ஏன் இங்கே இருக்கிறது?’ என்று கேட்டால் பதில் சொல்லும் படத்துக்குத்தான் வேலை கிடைக்கும்.

தேவையான பொருட்கள்

பெரிய செலவு இல்லை. ஏ3 அளவில் 200 ஜிஎஸ்எம் எடையுள்ள வழுவழுப்பான தாள், எச், எச்பி, 2பி பென்சில்கள், பிசையும் ரப்பர், நீளமான அளவுகோல் ஆகியவை போதும். மைக்கு 0.2, 0.35, 0.5 மில்லிமீட்டர் கோடு தரும் மூன்று பேனாக்கள் வாங்குங்கள். நீரில் கரையாத, வெயிலில் மங்காத பிக்மென்ட் மையா என்று பார்த்து வாங்குங்கள். பின்னர் வாட்டர்கலர் பூசினாலும் கோடு கலையாது.

எல்லாம் கணினியில் நடக்கும் காலத்தில் கையால் ஏன் வரைய வேண்டும்? ஆலோசனைக் கூட்டத்தில் இயக்குநர் பேசப் பேச, ஐந்து நிமிடத்தில் ஒரு வாயிலைத் தாளில் காட்டுகிறவருக்கு அந்த மேசையில் மதிப்பு கூடுகிறது. அந்த வேகம் கைப்பழக்கத்தால் மட்டுமே வரும்.

படி 1: நான்கு கேள்விகள்

பென்சிலை எடுக்கும் முன் நான்கு பதில்களை எழுதுங்கள். யாருக்கு அஞ்சி இந்தக் கோட்டை? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கல் எங்கே வெட்டினார்கள்? இங்கே மழையா, பனியா, வெயிலா?

இந்தப் பதில்கள்தான் வடிவத்தைத் தருகின்றன. வேல்ஸ் நாட்டின் கான்வி கோட்டை ஆற்றுமுகத்தில், நீண்டு ஒடுங்கிய பாறைமேல் இருக்கிறது. பாறையின் வடிவமே கோட்டையின் வடிவம். சிரியாவின் கிராக் டெ ஷெவாலியேயில் உள்மதிலின் அடிப்பகுதி கனத்த சரிவாக இறங்குகிறது. அடியில் சுரங்கம் தோண்ட வருகிறவர்களுக்கு அது பெரிய தடை. ஜப்பானின் ஹிமேஜி கோட்டையில் கல் அடித்தளம் வளைந்து எழுகிறது. அதன் மேல் மரத்தால் கட்டி வெள்ளைச் சாந்து பூசிய மாளிகை நிற்கிறது.

கூரையும் சும்மா வராது. பிரான்சின் கார்கசோன் கோட்டையை 19ஆம் நூற்றாண்டில் புதுப்பித்த வியோலே லெ டுக், கோபுரங்களுக்குக் கூரான ஸ்லேட் கூரை போட்டார். அது வட பிரான்சின் பாணி, தென்பகுதிக்குப் பொருந்தாது என்ற விமர்சனம் இன்றும் தொடர்கிறது. கற்பனை உலகிலும் பார்ப்பவர் கண் இந்தப் பொருத்தத்தைத் தேடும். பனி கொட்டும் ஊருக்குச் செங்குத்தான கூரை, வறண்ட ஊருக்குத் தட்டையான மொட்டைமாடி என்று முடிவுசெய்யுங்கள்.

படி 2: சின்னச் சின்ன நிழலுருவங்கள்

தீப்பெட்டி அளவில் இருபது கட்டங்கள் போடுங்கள். ஒவ்வொன்றிலும் கோட்டையின் வெளிவடிவத்தை மட்டும் கறுப்பாக நிரப்புங்கள். சன்னல் கூடாது, கல் கூடாது. ஒன்றுக்கு இரண்டு நிமிடம்.

எது தூரத்திலிருந்தும் அடையாளம் தெரிகிறதோ அதுவே உங்கள் கோட்டை. எல்லாக் கோபுரமும் ஒரே உயரத்தில் இருந்தால் உருவம் தட்டையாகும். ஒன்று மிக உயரம், இரண்டு நடுத்தரம், மற்றவை தாழ்வு என்று பிரித்துப் பாருங்கள். கான்வியின் எட்டுக் கோபுரங்களில் உள்முற்றத்தைச் சுற்றிய நான்கின் தலையில் மட்டும் சிறு காவல் கூண்டுகள் உண்டு. மன்னர் தங்கும் பகுதி எது என்பதை அந்த நிழலுருவமே சொல்லிவிடுகிறது.

படி 3: மேலிருந்து ஒரு வரைபடம்

பெரும்பாலானவர்கள் தாண்டிக் குதிப்பது இந்தப் படியை. வேலைக்குச் சேர்ந்த பிறகு அவர்களை மாட்டிவைப்பதும் இதுவே. பறவைப் பார்வையில் கோட்டையின் தளத்தை வரையுங்கள். அகழி, தூக்குப் பாலம், வாயில், வெளிமுற்றம், உள்முற்றம், கிணறு, சமையற்கட்டு, தானியக் களஞ்சியம், குதிரை லாயம், மன்னர் மாளிகை என்று ஒவ்வொன்றுக்கும் இடம் கொடுங்கள்.

பிறகு உங்களை எதிரியாக நினைத்துக்கொண்டு விரலால் வாயிலிலிருந்து உள்ளே நடந்து பாருங்கள். நேராக மாளிகைக்குப் போய்விட முடிகிறதா? பாதையை வளையுங்கள், இரண்டாவது வாயில் வையுங்கள். எந்தக் கோபுரத்திலிருந்தும் அம்பு எட்டாத மதில் பகுதி உண்டா? அங்கே ஒரு கொத்தளத்தை வெளியே தள்ளி நிறுத்துங்கள்.

நொடியில் கோட்டைப் படம் தரும் ஏஐ மென்பொருள்கள் வந்துவிட்டன. ஆனால் இயக்குநர் ‘இதே கோட்டையைப் பின்பக்கத்திலிருந்து காட்டுங்கள், அந்தச் சன்னலுக்கு எந்தப் படிக்கட்டு வழியாகப் போவது?’ என்று கேட்பார். தள வரைபடம் வைத்திருக்கும் ஓவியர் தயங்காமல் அடுத்த தாளை எடுப்பார். உங்கள் வேலையைக் காப்பாற்றுவது இந்த ஒரு பக்கம்தான்.

படி 4: கண்மட்டமும் மறைபுள்ளிகளும்

இப்போது பெரிய தாள். முதலில் கண்மட்டக் கோட்டை மெல்லிய எச் பென்சிலில் போடுங்கள். தாழ வைத்தால் கோட்டை பார்ப்பவரை மிரட்டும். உயர வைத்தால் முற்றமும் தெருக்களும் தெரியும். கதைக்கு எது தேவை என்று யோசித்து வையுங்கள்.

சுவர்களின் கோடுகள் தூரத்தில் போய்ச் சேரும் இரண்டு மறைபுள்ளிகளையும் தாளுக்குள்ளேயே நெருக்கி வைப்பது தொடக்கநிலையினர் செய்யும் தவறு. மூலைகள் ஈட்டிபோல நீட்டிக்கொள்ளும். தாளை மேசையில் ஒட்டிவிட்டு, இருபக்கமும் தள்ளி மேசையிலேயே டேப் ஒட்டிப் புள்ளி வையுங்கள். சுவர் நிதானமாகச் சரியும்.

வட்டக் கோபுரத்துக்கு நீள்வட்டம் தெரிய வேண்டும். ஒரு டம்ளரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தால் விளிம்பு ஒரே கோடாகத் தெரியும். கீழே இறக்கினால் முன்விளிம்பு கீழ்நோக்கி வளையும். தலைக்கு மேல் தூக்கினால் மேல்நோக்கி வளையும். கோபுரத்திலும் அப்படியே: கண்மட்டத்துக்கு மேலே போகப் போக கல் வரிசை, சன்னல் விளிம்பு, உச்சி வளையம் எல்லாம் மேல்நோக்கிக் கூடுதலாக வளைய வேண்டும். உச்சியை நேர்கோடாக வரைந்தால் கோபுரம் அட்டையில் வெட்டியதுபோல் நிற்கும்.

படி 5: பெரியது முதலில், நுணுக்கம் பிறகு

பெட்டி, உருளை, கூம்பு இவை மூன்றாலேயே முழுக் கோட்டையையும் முதலில் கட்டிவிடுங்கள். பின்பக்கம் மறையும் கோடுகளையும் சேர்த்து, கண்ணாடியில் செய்தது போல வரையுங்கள். சுவரும் கோபுரமும் சரியாகச் சேர்கின்றனவா என்பது அப்போதுதான் தெரியும்.

அடுத்து ஒரு மனிதனை வரையுங்கள். வாயில் அருகே ஒருவர், மதில் மேல் ஒருவர். கோட்டையின் அளவை முடிவுசெய்கிறவர்கள் இவர்கள்தான். மதிலின் பல்வரிசையில் உயர்ந்த பகுதி ஒரு வீரனை முழுதாக மறைக்க வேண்டும். இடைவெளி அவன் இடுப்பளவு வர வேண்டும். பல்லை இந்த அளவைவிடப் பெரிதாக்கினால் மாபெரும் கோட்டையும் பொம்மை ஆகிவிடும்.

நுணுக்கங்களைப் பயன்பாட்டிலிருந்து எடுங்கள். கீழ்த்தளத்தில் அம்பு எய்யும் குறுகிய பிளவுகள். பெரிய சன்னல்கள் எதிரி எட்டாத உயரத்தில் மட்டும். வாயிலில் இரும்புக் கிராதி இறங்கும் பள்ளம். மதில் தலையில் வெளியே நீண்ட தாங்கிகள், அவற்றின் இடையே கீழே கல் தள்ளும் துளைகள். சுவரில் வரிசையாகச் சின்னச் சதுரக் குழிகள், கட்டியபோது சாரம் செருகிய இடங்கள். பிரான்சில் கெடெலோன் என்ற இடத்தில் 13ஆம் நூற்றாண்டு முறைப்படியே 1997 முதல் ஒரு கோட்டையைக் கட்டிவருகிறார்கள். அதன் புகைப்படங்களைப் பார்த்தால் ஒரு சுவர் எப்படி எழுகிறது என்பது புரியும். டேவிட் மெக்காலேயின் ‘காஸில்’ (1977) என்ற நூல், கற்பனையான ஒரு வேல்ஸ் கோட்டையை அடிக்கல்லிலிருந்து பேனாக் கோடுகளில் கட்டிக் காட்டுகிறது. இந்தத் துறைக்கு வருகிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய புத்தகம்.

படி 6: மை, நிழல்

அருகில் உள்ளதற்கு 0.5, நடுவில் 0.35, தொலைவுக்கு 0.2. தொலைவில் கோடுகளையும் விட்டு விட்டு வரையுங்கள். காற்றும் தூரமும் தானாக வந்துவிடும். முன்னால் இருப்பதை முதலில் மையிட்டால், பின்னால் இருப்பது அதன் மேல் ஏறாது.

எல்லாக் கல்லையும் வரையாதீர்கள். மூலைகளில், சன்னலைச் சுற்றி, நிழல் தொடங்கும் விளிம்பில் கொத்துக் கொத்தாகப் போடுங்கள். வெயில் படும் சுவரை வெறுமையாக விடுங்கள். மீதிக் கற்களைப் பார்ப்பவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

வெளிச்சம் ஒரே திசையிலிருந்து வரட்டும். தாளின் ஓரத்தில் அம்புக்குறி போட்டு வையுங்கள். வெண்மை, நடுநிழல், அடர்நிழல் என மூன்று நிலை போதும். உருளைக் கோபுரத்தில் அடர்நிழலை ஓரத்தோடு ஒட்டாமல் சற்று உள்ளே தள்ளிப் போடுங்கள். ஓரத்தில் தரையிலிருந்து திரும்பும் மெல்லிய வெளிச்சம் இருந்தால்தான் கோபுரம் உருண்டு தெரியும். மை காய்ந்த பிறகு பென்சிலை அழித்து, 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள்.

போர்ட்ஃபோலியோவில் என்ன வைப்பது?

பதினைந்து வெவ்வேறு கோட்டைகளை வைப்பதைவிட, ஒரே கோட்டையின் முழுப் பயணத்தை வைப்பது மேல். நான்கு கேள்விகளுக்கான பதில், நிழலுருவப் பக்கம், தள வரைபடம், முடித்த படம், உள்முற்றக் காட்சி, வாயிலின் நுணுக்கப் பக்கம், முற்றுகைக்குப் பின் சிதைந்த நிலை. இப்படி இரண்டு கோட்டைகள் இருந்தால் நேர்காணலில் அரைமணி நேரம் பேசலாம். தேர்வு செய்கிறவர் உங்கள் கோடுகளுடன் உங்கள் யோசனையையும் பார்ப்பார்.

அவற்றோடு, நேரில் போய் வரைந்த பக்கங்களையும் வையுங்கள். செஞ்சியில் மூன்று குன்றுகளை மதில்கள் இணைக்கின்றன. நிலத்தின் போக்குக்கு ஏற்பச் சுவர் ஏறி இறங்குவதைக் கற்க அதைவிட நல்ல இடம் அருகில் இல்லை. நீர் நிறைந்த அகழியில் மதிலின் பிம்பத்தை வரைந்து பழக வேலூர் கோட்டை இருக்கிறது.

வேலையில் சேர்ந்த பிறகு

எந்தப் படத்தையும் தொடங்கும் முன் கேளுங்கள்: கேமரா எங்கே நிற்கும்? எவ்வளவு உயரம் வரை செட் போடுவார்கள், மேலே எவ்வளவு கிராஃபிக்ஸ்? நடிகர்கள் நடமாடும் பகுதி எது? இந்தப் பதில்கள் பல நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

முழுதாக முடித்துவிட்டுக் காட்டாதீர்கள். நிழலுருவம், தளம், பென்சில் என்று மூன்று கட்டத்திலும் ஒப்புதல் வாங்குங்கள். மை போட்ட பிறகு கோபுரத்தை நகர்த்தச் சொன்னால் இருவருக்கும் நஷ்டம். திருத்தம் வந்தால் மனம் சுருங்க வேண்டாம். கோட்டை கதைக்காக இருக்கிறது. ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படங்களுக்கு ஆலன் லீயும் ஜான் ஹோவும் கையால் வரைந்தவற்றை மினியேச்சர் கலைஞர்களும் செட் அமைப்பவர்களும் தொடர்ந்து எடுத்துச் சென்றார்கள். அடுத்தவர் கை கொண்டுபோகும்படி தெளிவாக வரைவதே இந்தத் தொழிலின் இலக்கணம்.

பணம், உரிமை இரண்டையும் எழுத்தில் வையுங்கள். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, பணியாளராகச் சம்பளத்துக்கு வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் முதல் உரிமையாளர் நிறுவனமே. உங்களிடம் உள்ள உரிமையை இன்னொருவருக்கு மாற்றித் தருவது கையெழுத்திட்ட எழுத்து மூலமே செல்லும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் சட்டம் கொள்கிறது. எத்தனை திருத்தம் வரை கட்டணத்தில் அடங்கும், படம் வெளியான பிறகு போர்ட்ஃபோலியோவில் காட்டலாமா என்பதையும் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள்.

முதல் மாதத் திட்டம்

முதல் வாரம் தினமும் இருபது நிழலுருவங்கள். இரண்டாம் வாரம் உண்மையான கோட்டைகளின் தள வரைபடங்களைப் பார்த்து வரையுங்கள். மூன்றாம் வாரம் நீள்வட்டமும் கோபுரமும் மட்டும். நான்காம் வாரம் உங்கள் முதல் முழுக் கோட்டை. முடித்ததும் ஒரு நண்பரிடம் கொடுத்து, ‘இதை எப்படிப் பிடிப்பாய்?’ என்று கேளுங்கள். அவர் சுலபமாக வழி சொல்லிவிட்டால், தள வரைபடத்துக்குத் திரும்பி அந்த வழியை அடைத்துவிடுங்கள். அவரால் வழி சொல்ல முடியாதபோது அந்தப் படத்தைப் போர்ட்ஃபோலியோவில் சேருங்கள்.