டிராம்பேயின் வெப்பமும் சந்திரனின் இரவும்

மும்பையில் செம்பூரைக் கடந்து கிழக்கே சென்றால், குன்றுக்கும் கடற்கழிக்கும் இடையே டிராம்பே அமைந்துள்ளது. ஆசியாவில் சோவியத் யூனியனுக்கு வெளியே முதன் முதலாக இயங்கிய ‘அப்சரா’ அணு உலை 1956 ஆகஸ்டில் இங்குதான் செயல்படத் தொடங்கியது. 1954-ல் நிறுவப்பட்ட இந்த அணுசக்தி நிலையம் 1967 முதல் பாபா அணு ஆராய்ச்சி மையம் என்னும் பெயரால் வழங்கி வருகிறது. மருத்துவத்துக்கான ஐசோடோப்புகள், நிலக்கடலையின் புதிய ரகங்கள் ஆகியவற்றின் வாயிலாக இதை அறிந்தவர்கள் பலர். வேற்றுக் கோளில் மனிதன் குடியேறுவதற்கும் இவ்விடத்துக்கும் உள்ள தொடர்பு அவ்வளவாக அறியப்படவில்லை.

தொடர்பு பழமையானதே. 1962-ல் விண்வெளி ஆராய்ச்சிக்கான தேசியக் குழு அணுசக்தித் துறையின் கீழ்தான் அமைக்கப்பட்டது. ஹோமி பாபா துறைக்குத் தலைவர். விக்ரம் சாராபாய் குழுவுக்குத் தலைவர். 1963 நவம்பர் 21-ல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் எழும்பியது. விண்வெளிக்கெனத் தனித் துறை ஏற்பட்டது 1972-ல்தான்.

இரவின் கணக்கு

சந்திரனில் ஓர் இரவு என்பது பூமியின் நாட்களில் ஏறக்குறைய பதினான்கு. வெப்பநிலை சுழியத்துக்குக் கீழ் 150 டிகிரிக்கும் அப்பால் இறங்கிவிடும். சூரிய ஒளித் தகடுகள் அப்போது பயன்படா. ஒரு கிலோவாட் மின்சாரம், அதாவது ஓர் இஸ்திரிப் பெட்டிக்குத் தேவையான அளவு, அந்த இரவு முழுவதும் தொடர்ந்து வேண்டுமெனில் 336 யூனிட் சேமித்து வைத்தாக வேண்டும். ஒரு கிலோ எடைக்கு 200 வாட்-மணி தரும் நல்ல பாட்டரிகளாயினும், அவற்றின் எடை ஒன்றரை டன்னைத் தாண்டும். நான்கு பேர் தங்கும் குடியிருப்புக்கு ஒரு கிலோவாட் எந்த மூலைக்குப் போதும்?

2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரயான்-3 தென் துருவத்துக்கு அருகே இறங்கியது. முதல் இரவுக்குப் பின் ‘விக்ரம்’, ‘பிரக்யான்’ இரண்டுமே கண் விழிக்கவில்லை. ஒரு பகல் நேரப் பணிக்கே அவை வடிவமைக்கப்பட்டிருந்தமையால் இதைத் தோல்வி என்று கொள்வதற்கில்லை. எனினும், அதே பயணத்தில் சந்திரனைச் சுற்றி வந்த உந்து பகுதியில், டிராம்பேயில் உருவான ஒரு வாட் திறனுடைய கதிரியக்க வெப்பச் சாதனங்கள் இரண்டு வைக்கப்பட்டிருந்தன. கதிரியக்கப் பொருள் சிதையும்போது தானே வெளிப்படும் வெப்பத்தைக் கொண்டு கருவிகளைக் குளிரிலிருந்து காப்பதே இவற்றின் வேலை. சோவியத் நாட்டின் ‘லூனகோட்’ ஊர்தி 1970-ல் இம்முறையில்தான் பல இரவுகளைக் கடந்தது. இரண்டு வாட் சிறிய அளவுதான். ஆயினும் தொடக்கம் அது.

சட்டம் சொல்வது

1967-ன் விண்வெளி உடன்படிக்கை அணு ஆயுதங்களைச் சுற்றுப்பாதையில் வைப்பதையும் வேற்றுக் கோள்களில் நிறுவுவதையும் தடை செய்கிறது. அணு மின்சக்தியைத் தடை செய்யவில்லை. இவ்விரண்டையும் குழப்பிக் கொள்வோர் படித்தவர்களிலும் உண்டு.

அணு உலை தாங்கிய சோவியத் செயற்கைக் கோள் ‘காஸ்மாஸ் 954’ 1978 ஜனவரியில் கனடாவின் பனி வெளியில் சிதறி விழுந்தது. துப்புரவுச் செலவுக்காகக் கனடா கேட்டது அறுபது லட்சம் டாலர். 1981-ல் பெற்றது முப்பது லட்சம். இந்நிகழ்ச்சி தூண்டிய நீண்ட விவாதத்தின் பயனாக, 1992 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை விண்வெளியில் அணுசக்தி மூலங்களைப் பயன்படுத்துவது பற்றிய கோட்பாடுகளை ஏற்றது. ஏவுவதற்கு முன்பே பாதுகாப்பு மதிப்பீட்டை வெளியிட வேண்டும், கலம் பூமிக்குத் திரும்பி விழும் ஆபத்து நேர்ந்தால் உடனே அறிவிக்க வேண்டும் என்பன அவற்றுள் சில.

ஆனால் இக்கோட்பாடுகள் கலத்தினுள் மின்சாரம் உண்டாக்குவதை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சந்திரத் தரையில் ஆண்டுக்கணக்கில் இயங்கும் உலை, அதன் கழிவு, அதைச் சுற்றி விலக வேண்டிய தூரம் ஆகியவை பற்றி அவற்றில் தெளிவில்லை. உலைகளுக்கு உயர் செறிவு யுரேனியத்தையே பயன்படுத்த வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. ஆயுதப் பரவல் அச்சத்தால் உலகமே குறைந்த செறிவுக்கு மாறிவரும் வேளையில் இவ்விதி காலத்துக்கு ஒவ்வாதது.

நில உரிமையில் சிக்கல் இன்னும் கடினம். சந்திரனை எந்த நாடும் தனதாக்கிக் கொள்ள முடியாது. ஆனால் உலை வைத்த நாடு, பாதுகாப்பின் பெயரால், பிறரை அணுகவிடாமல் செய்தால்? நடைமுறையில் அது வேலி போட்ட நிலமே. அதுவும் பனிக்கட்டி இருக்கக்கூடிய தென் துருவத்தில் நல்ல இடங்கள் மிகக் குறைவு. சந்திரச் செல்வங்களை மனித குலத்தின் பொதுச் சொத்தாகக் கருதும் 1979-ன் சந்திர உடன்படிக்கையில் இந்தியா 1982-ல் கையெழுத்திட்டது, ஆனால் உறுதிப்படுத்தவில்லை. 2023 ஜூனில் ‘ஆர்ட்டெமிஸ்’ ஒப்பந்தத்தில் சேர்ந்தது. பிந்தியது, கனிமங்களை எடுப்பது தன்னளவில் உரிமை கொண்டாடுவதாகாது என்கிறது. ‘பாதுகாப்பு வலயங்’களையும் அனுமதிக்கிறது. இரண்டும் ஒரே திசையில் செல்பவை அல்ல.

2035-ல் சொந்த விண்வெளி நிலையம், 2040-ல் சந்திரனில் இந்தியர் என்று இலக்குகள் அறிவிக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கான வெப்பத்தையும் மின்சாரத்தையும் தேடும் பொறுப்பில் பெரும் பங்கு டிராம்பேயைச் சேரும். வலயத்தின் அளவு எவ்வளவு, யார் அதை அளப்பது, உலை அணைந்த பின் அவ்விடம் யாருக்குத் திறந்துவிடப்படும் என்னும் வினாக்களுக்கோ வியன்னாவில் கூடும் ஐ.நா. விண்வெளிக் குழுவில்தான் விடை காண வேண்டும். 1958-ல் அமைந்த முதல் தற்காலிகக் குழுவிலேயே இந்தியா உறுப்பு நாடு. மற்றவர்கள் எழுதிய வரைவுக்குத் திருத்தம் சொல்வதைவிட, டிராம்பேயின் பொறியாளர்களும் தில்லியின் சட்ட வல்லுநர்களும் சேர்ந்து ஒரு வரைவை முதலில் முன்வைப்பது நாட்டுக்கு உகந்தது.