ஊசிக்கு முன் கத்தி

அன்புள்ள தம்பிக்கு,

கால்நடை மருத்துவ இதழில் நீங்கள் எழுதிய ‘கழுத்தில் ஒரு கட்டி’ கட்டுரையை நேற்று இரவு படித்தேன். காலையில் எழுந்ததும் கையில் பென்சிலோடு மறுபடி படித்தேன். ‘கட்டி’ என்ற சொல்லை 17 இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். புஜ்ஜி என்கிற அந்த மூன்று வயதுக் கினிப்பன்றியின் எடையை ஓரிடத்தில்கூட எழுதவில்லை. இந்த இரண்டையும் பற்றித்தான் இந்தக் கடிதம். பெனிசிலின் மருந்தின் பக்கமே போகாதது, வைட்டமின் சி சேர்த்தது, மயக்கத்தின்போது உடம்புச் சூட்டைக் காத்தது எல்லாம் சரியாகவே செய்திருக்கிறீர்கள். அவற்றை நாம் பேசிக்கொண்டிருக்க வேண்டாம்.

முதலில் அந்தச் சொல். நம் வீடுகளில் கட்டி வந்தால் என்ன செய்வார்கள்? பற்றுப் போட்டுப் பழுக்கவைப்பார்கள். பழுத்தால் கீறிவிடுவார்கள். வேனல் கட்டியானாலும் சரி, பின்புறத்தில் வந்து உட்காரவிடாமல் செய்யும் கட்டியானாலும் சரி, சீழ் போனால் சுகம். அந்தச் சொல்லுக்குள்ளேயே சீழ் இருக்கிறது, தம்பி. ‘கட்டி பழுத்திருக்கும் எனக் கருதிக் கீறினோம்’ என்று மூன்றாவது பத்தியில் எழுதியிருக்கிறீர்கள். எதை வைத்துக் கருதினீர்கள் என்று தேடினேன். விரலால் தொட்டுப் பார்த்ததைத் தவிர வேறொன்றும் அங்கே இல்லை. அந்தச் சொல்தான் உங்கள் கையில் கத்தியைக் கொடுத்தது என்று நான் நினைக்கிறேன்.

சீழ் வரவில்லை. இரத்தமும் வெளிறிய சதையும் வந்தன. மூன்றாம் நாள் புஜ்ஜி போய்விட்டது. ஃபார்மலினில் போட்டு அனுப்பிய துண்டுக்கு மூன்று வாரம் கழித்து லிம்போமா என்று அறிக்கை வந்தது.

காலில் முள் குத்திப் புரையோடினால், தொடையிடுக்கைத் தடவிப் பார்த்து ‘நெறி கட்டியிருக்கு’ என்பாள் என் பாட்டி. நிணநீர்க்கணு என்ற சொல்லை அவள் கேட்டதே இல்லை. ஆனால் புண் ஓரிடத்திலும் வீக்கம் வேறிடத்திலும் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். கழுத்தைச் சுற்றி வரிசையாகப் புடைத்தால் கண்டமாலை என்றார்கள் பழைய வைத்தியர்கள். வலியில்லாமல் உருண்டு திரண்டு வருடக்கணக்காகக் கிடப்பது கழலை. நீர் கோத்தால் நீர்க்கட்டி. உள்ளே அரித்துக்கொண்டு பரவுவது புற்று. இத்தனை சொற்கள் நம்மிடம் இருக்கும்போது எல்லாவற்றையும் கட்டி என்ற ஒரே சாக்கில் ஏன் போட்டுக் கட்டினீர்கள்? முதல் நாள் கேஸ் ஷீட்டில் ‘தாடைக்குக் கீழே இருபுறமும் நெறி கட்டியுள்ளது’ என்று எழுதியிருந்தால், எதனால் கட்டியது, வேறெங்கே கட்டியிருக்கிறது என்ற கேள்வி தானாக எழுந்திருக்கும். விரல் அக்குளுக்கும் தொடையிடுக்குக்கும் போயிருக்கும். வயிற்றில் மண்ணீரலைத் தேடியிருக்கும்.

நீங்கள் சீழை எதிர்பார்த்தது அபத்தம் என்று நான் சொல்லவில்லை. முரட்டு வைக்கோல் குத்தி வாய்க்குள் கீறல் விழுந்து, அதன் வழியே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போய்க் கழுத்து நெறியில் சீழ் பிடிப்பது கினிப்பன்றிகளில் சர்வசாதாரணம். லிம்போமாவும் அரிதானதன்று. கைக்கு இரண்டும் ஒன்றுபோலவே படலாம். ஆகவேதான் ஊசி.

23 கேஜ் ஊசி, 5 மில்லி சிரிஞ்சு, துடைத்த ஸ்லைடு இரண்டு. உங்கள் கிளினிக்கில் இவை இல்லாத நாள் கிடையாது. குத்தி, ஊசிமுனையை நாலு பக்கமும் திருப்பி, வந்த துளியை ஸ்லைடில் இழுத்து, மின்விசிறியின் கீழே சட்டென்று காயவைக்க வேண்டும். சென்னைப் புழுக்கத்தில் மெல்ல உலர்ந்தால் செல்கள் உருக்குலைந்துவிடும். பக்கத்தில் ஃபார்மலின் பாட்டில் திறந்திருக்கக் கூடாது. அந்த ஆவி பட்டாலே சாயம் சரியாகப் பிடிக்காது. பிறகு லீஷ்மன் சாயம், பஃபர் நீர், கழுவல். ஒரு காப்பி ஆறுகிற நேரம்தான். சீழாக இருந்தால் சிவந்த மணிகள் கொண்ட ஹெட்டிரோஃபில்கள் குவிந்திருக்கும், நடுவே கோர்த்த மணிபோலக் கிருமிகள் தெரியலாம். லிம்போமாவாக இருந்தால் ஒரே அச்சில் வார்த்ததுபோலப் பெரிய பெரிய லிம்ஃபோசைட்டுகள் பரவிக் கிடக்கும். காதோரத்தில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து இன்னொரு ஸ்லைடு போட்டிருந்தால், வெள்ளணுக்கள் எகிறியிருக்கின்றனவா என்றும் தெரிந்திருக்கும். அப்போது சில அணுக்களுக்குள் பெரிய உருண்டையொன்று அடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அது குர்லாஃப் செல், கினிப்பன்றியின் பிறவிச் சொத்து.

1903இல் இதே சென்னையில் நடந்ததை உங்களுக்கு யாராவது சொன்னார்களா? நான் சந்திக்கிற ஒவ்வொரு இளம் மருத்துவரிடமும் சொல்லிவிடுவேன். மண்ணீரல் வீங்கி, காய்ச்சல் விடாமல் மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். மலேரியா என்றே பலரும் நினைத்தார்கள். பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன், இறந்தவர்களின் மண்ணீரலில் இனம் தெரியாத சின்னஞ்சிறு உருண்டைகளைக் கண்டார். ஜூன் மாதம், உயிரோடிருந்த ஒரு நோயாளியின் மண்ணீரலில் ஊசியைச் செலுத்தி எடுத்த துளியிலும் அவையே இருந்தன. டம்டம்மில் இருந்து வந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் தான் கண்டதை வில்லியம் லீஷ்மன் சில வாரங்களுக்கு முன்புதான் வெளியிட்டிருந்தார். ரொனால்ட் ராஸ் இருவர் பெயரையும் சேர்த்து அந்தக் கிருமிக்கு லீஷ்மேனியா டோனவானி என்று பெயரிட்டார். உங்கள் மேசையில் நிற்கும் சாயப் புட்டி அந்த லீஷ்மனுடையதுதான். அதே 1903இல்தான் வேப்பேரியில் நம் கால்நடை மருத்துவக் கல்லூரியும் தொடங்கியது. இந்த ஊரில் வைத்தியம் படித்த நாம் ஊசியை மறக்கலாமா?

எல்லாவற்றுக்கும் ஊசி பதில் சொல்லிவிடாது, அதையும் எழுதிவிடுகிறேன். நார் மிகுந்த கழலை செல்களை எளிதில் விட்டுக்கொடுக்காது, வெறும் ஸ்லைடுதான் மிஞ்சும். நாலு வயது தாண்டிய பெண் முயல் இரத்தமாகச் சிறுநீர் கழிக்கிறது என்றால் கருப்பையை ஸ்கேனில் பார்க்க வேண்டும். அங்கே போய்க் குத்தக் கூடாது. அறுவைக்கு முன் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டும், கருப்பைப் புற்று பரவினால் பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான் போகும்.

இவ்வளவு கடுமையாக எழுத எனக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். 1994இல், நான் தனியாகக் கிளினிக் வைத்த இரண்டாம் வருடம், ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண் குழந்தை ஒரு செருப்புப் பெட்டியில் வெள்ளை எலியைக் கொண்டுவந்தாள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக வாங்கி, பிறகு திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் வளர்த்த எலி. முன்னங்காலுக்குப் பின்னே, எலுமிச்சம்பழம் அளவுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. அக்குளில் இருக்கிறது, இவ்வளவு பெரிதாக இருக்கிறது, ஆகவே புற்று என்று முடிவுகட்டினேன். குழந்தைக்கு எதிரிலேயே அவள் அப்பாவிடம், ‘பிழைக்காது சார், தூங்கவைத்துவிடலாம்’ என்றேன். தூங்கவைத்தேன்.

பெரிய எலுமிச்சையாயிற்றே என்று அறுத்து ஃபார்மலினில் போட்டுவைத்தேன். ஒரு மாதம் கழித்து ஸ்லைடு வந்தது. ஃபைப்ரோஅடினோமா. பெண் எலியின் பால்சுரப்பித் திசு கழுத்திலிருந்து தொடையிடுக்கு வரை பரவியிருக்கிறது. அக்குளில் வருவதும் பெரும்பாலும் மடிக் கழலைதான், அதிலும் பெரும்பாலானவை தீங்கற்றவை என்பதை அன்றுதான் புத்தகத்தைப் புரட்டித் தெரிந்துகொண்டேன். வெட்டி எடுத்திருக்கலாம். மறுபடி வேறிடத்தில் முளைத்திருக்கலாம், ஆனாலும் அந்த எலிக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. ஊசி அன்றைக்குப் பதில் சொல்லியிருக்குமா என்பதுகூட நிச்சயமில்லை. ஆனால் ஊசி போட்டிருந்தால் ‘எனக்கு இன்னும் தெரியவில்லை’ என்றாவது அந்தக் குழந்தையிடம் சொல்லியிருப்பேன். அவளிடம் நான் உண்மையைச் சொல்லவே இல்லை. அந்த ஸ்லைடு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

புஜ்ஜியை ஊசி காப்பாற்றியிருக்காது. கினிப்பன்றிக்கு லிம்போமா வந்து, நெறியெல்லாம் புடைத்த பிறகு பெரும்பாலும் சில வாரங்கள்தான். அந்த வாரங்களைக் கழுத்தில் தையலோடு கழிக்காமல், அந்த வீட்டு மடியிலேயே கழித்திருக்கும். வலி மிஞ்சுகிற நாளில் அமைதியாக அனுப்பியிருப்பீர்கள்.

இனி எடை. வளர்ந்த கினிப்பன்றி 700 முதல் 1,200 கிராம் வரை இருக்கும். 900 கிராம் உள்ளது 90 கிராம் குறைந்தால், 60 கிலோ மனிதர் 6 கிலோ இளைத்ததற்குச் சமம். ரோமத்துக்குள் அது கண்ணுக்குத் தெரியாது. இரையாகப் பிறந்த பிராணி, பலவீனத்தைக் காட்டினால் கழுகுக்கு விருந்து என்று அதன் உடம்புக்குத் தெரியும். தராசிடம் மட்டும் அது மறைக்க முடியாது. மாவு நிறுக்கிற டிஜிட்டல் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து வாரம் ஒருமுறை நிறுத்து, காலண்டரில் எழுதச் சொல்லுங்கள். ‘சற்று மெலிந்து காணப்பட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு மெலிந்து? எத்தனை நாளில்? மருந்தின் அளவை எந்த எடையை வைத்துக் கணக்கிட்டீர்கள்? இந்த வரியைப் படித்தபோது பென்சில் முனை உடைந்துவிட்டது.

ஆனால் உங்கள் கட்டுரையின் முதல் பத்தியில் ஒரு வாக்கியம் இருக்கிறது. ‘முருங்கைக்கீரைக் கட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டதும் கூவுவதை இரண்டு வாரமாக நிறுத்திவிட்டதாகப் பாட்டி சொன்னார்.’ நாற்பது வருடமாக கேஸ் ரிப்போர்ட்டுகள் படிக்கிறேன், இப்படி ஒரு வரியை நான் பார்த்ததில்லை. மருத்துவர்கள் நோய் வரலாறு கேட்கும்போது தீவனம், தண்ணீர், புழுக்கை என்று அட்டவணையை நிரப்புவார்கள். நீங்கள் அந்தப் பாட்டியைப் பேசவிட்டிருக்கிறீர்கள். அவர் சொன்னதில் எது நோயென்றும் கண்டுபிடித்திருக்கிறீர்கள். வீக்கம் தெரிவதற்கு முன்பே அந்த உடம்புக்குள் எல்லாம் தொடங்கிவிட்டது என்பதற்கு அந்தக் கூவாத இரண்டு வாரமே சாட்சி. அந்தக் காது பிறவியில் வருவது, தம்பி. எனக்கு அது இருந்ததில்லை. தோற்ற கேஸை மறைக்காமல், அறிக்கையோடு அச்சில் போட்ட துணிச்சலையும் இதனோடு சேர்த்துக்கொள்கிறேன். நம் தொழிலில் பிழைத்த கேஸ்கள்தான் அச்சேறும்.

அந்த வீட்டில் புஜ்ஜியோடு சேர்த்து வாங்கிய இன்னொரு கினிப்பன்றியும் இருப்பதாக அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள். துணை போன பிறகு அது ஒழுங்காகத் தின்கிறதா? போன வாரம் எத்தனை கிராம் இருந்தது?

அன்புடன்,
வேப்பேரியில் உங்களுக்கு வெகுகாலம் முன்பு படித்த ஒருவன்