பண்டிகை விருந்துக்கு வீட்டிலேயே சாமை பன்

கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் வட்டாரங்களில் பன், ரொட்டி என்றால் கடையில் வாங்குவது என்பதுதான் வழக்கம். கல்வராயன் மலையிலும் அப்படியே. தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல், ரம்ஜான் போன்ற நாட்களில் குருமாவுக்கும் கறிக்குழம்புக்கும் தொட்டுக்கொள்ள மென்மையான பன் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். சேராப்பட்டு, கரியாலூர் போன்ற மலைக் கிராமங்களுக்குக் கீழிருந்து வந்து சேரும் பன் பல நேரங்களில் உலர்ந்தே இருக்கும். இதனை வீட்டிலேயே செய்துகொள்ள முடியும். அதில் ஐந்தில் ஒரு பங்கு நம் மலையில் விளையும் சாமையாகவும் இருக்க முடியும். ஆனால் ஒரு பண்டிகை நாளில் மாவும் நெய்யும் சர்க்கரையும் செலவழித்துக் கல் போன்ற பன்னை எடுத்து வைக்க யாருக்கும் மனம் வராது. ஆகையால் எந்த இடத்தில் தவறு நேர்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

ஈஸ்ட் ஓர் உயிர்

இட்லி மாவு பொங்குவதும் ஆப்ப மாவில் கள் சேர்த்தால் நுரைப்பதும் நமக்குப் புதியவை அல்ல. கள்ளில் இயற்கையாகவே ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் உள்ளது. கோவாவில் போர்த்துகீசியர் காலத்தில் ரொட்டி மாவைப் பொங்க வைக்கக் கள்ளையே பயன்படுத்தினர். கடையில் குருணை வடிவில் விற்கும் உலர் ஈஸ்ட்டும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. மாவிலுள்ள சர்க்கரையை உண்டு கரியமில வாயுவையும் சிறிதளவு சாராயப் பொருளையும் வெளியிடுகிறது. வாயு மாவை உப்ப வைக்கிறது. சாராயப் பொருள் வேகும்போது பெரும்பாலும் ஆவியாகிவிடுகிறது. ஆகவே குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா என்று தயங்க வேண்டியதில்லை.

உயிருள்ள பொருள் என்பதால் கொதிக்கும் நீரில் ஈஸ்ட் இறந்துவிடும். மிகக் குளிர்ந்த நீரில் சோம்பிக் கிடக்கும். விரலை விட்டால் இதமாக இருக்கும் வெதுவெதுப்பு, அதாவது 38 முதல் 40 டிகிரி சென்டிகிரேடு போதுமானது. ஈஸ்ட் பொட்டலத்தைத் திறந்தபின் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, குளிர்சாதனப் பெட்டி இருந்தால் அதில் வைக்கவும். பண்டிகைக்கு முதல் நாளே சிறிது ஈஸ்ட்டைச் சர்க்கரை கலந்த வெதுவெதுப்பான நீரில் போட்டுப் பார்க்கவும். பத்து நிமிடத்தில் நுரை கட்டவில்லை என்றால் அந்த ஈஸ்ட்டை நம்பி மாவு பிசைய வேண்டாம்.

சாமை ஏன் ஐந்தில் ஒரு பங்கு?

முழுவதும் சாமை மாவிலேயே பன் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். செய்யலாம் என்று சொல்வோர் இருக்கிறார்கள். நாம் சொல்ல மாட்டோம். கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசையும்போது குளூட்டன் என்னும் பசைப்புரதம் வலைபோல் உருவாகிறது. ஈஸ்ட் விடும் வாயு அந்த வலைக்குள் சிக்கிக்கொள்வதால்தான் பன் உப்புகிறது. சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றில் இந்தப் பசைப்புரதம் இல்லை. வாயு வெளியேறிப் பன் அடைபோல் அமர்ந்துவிடும். ஐந்தில் ஒரு பங்கு வரை சேர்த்தால் உப்புதல் அதிகம் குறையாது, நார்ச்சத்தும் கூடும், சாமையின் மணமும் கிடைக்கும். கைப்பழக்கம் வந்தபின் நான்கில் ஒரு பங்கு வரை போய்ப் பார்க்கலாம்.

சாமை மாவைத் தேவைக்கு மட்டும் அரைத்துக்கொள்ள வேண்டும். உமி நீக்கிய சாமையில் எண்ணெய்ச் சத்து உள்ளதால் அரைத்த மாவு சில வாரங்களில் காறல் வாடை எடுத்துவிடும். திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தலில் உள்ள நம் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் வெளியிட்ட ஏடிஎல் 1 சாமையானாலும், வழிவழியாக மலையில் விதைத்து வரும் நாட்டுச் சாமையானாலும் பன்னுக்கு ஒன்றுபோலவே பயன்படும். கல் நீக்கிச் சுத்தம் செய்திருக்க வேண்டும் என்பது மட்டுமே முக்கியம்.

செய்முறை

இருபது பன்னுக்கு மைதா 300 கிராம், கோதுமை மாவு 100 கிராம், சாமை மாவு 100 கிராம், சர்க்கரை 40 கிராம், நெய் அல்லது வெண்ணெய் 40 கிராம், தூள் உப்பு 8 கிராம், உலர் ஈஸ்ட் 7 கிராம், தயிர் இரண்டு மேசைக்கரண்டி, காய்ச்சி ஆறிய பால் சுமார் 90 மில்லி ஆகியவை தேவை. தராசு இல்லாதவர்கள் மளிகைக் கடையிலேயே எடை போட்டு வாங்கிக்கொள்ளலாம். கண்ணளவாகப் போடுவது இதற்குச் சரிப்படாது.

முதலில் சாமை மாவில் 120 மில்லி கொதிநீரை ஊற்றிக் கட்டியில்லாமல் கிளறி, கைச்சூட்டுக்கு ஆற விடவும். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் விட்டால் பன்னில் நறநறப்புத் தட்டும். வேறொரு பாத்திரத்தில் 100 மில்லி வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்து நுரைக்க விடவும். பிறகு மைதா, கோதுமை மாவு, மீதிச் சர்க்கரை, உப்பு, தயிர், சாமைக் கூழ், ஈஸ்ட் கரைசல் எல்லாவற்றையும் சேர்த்து, பாலைச் சிறிது சிறிதாக விட்டுப் பிசையவும். மாவு சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக, கையில் இலேசாக ஒட்டும்படி இருக்க வேண்டும். ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மைதா தூவுவதுதான் பலரும் செய்யும் பிழை. கடைசியில் நெய்யைச் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நன்கு அடித்துப் பிசையவும். சிறு உருண்டையை விரல்களால் இழுத்தால் உடனே அறுந்து போகாமல் சவ்வுபோல் நீள வேண்டும்.

கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம்

புத்தகங்களில் ஒரு மணி நேரம் பொங்க விடவும் என்று எழுதியிருக்கும். கள்ளக்குறிச்சியில் சித்திரை மாத வெயிலில் முக்கால் மணி நேரத்திலேயே மாவு இரு மடங்காகிவிடும். மேலும் விட்டால் புளித்துச் சரிந்துவிடும். இரண்டாயிரம் அடிக்கு மேலுள்ள வெள்ளிமலைப் பகுதியில் மார்கழிக் காலையில் அதே மாவுக்கு இரண்டு, மூன்று மணி நேரம்கூடப் பிடிக்கும். கிறிஸ்துமஸும் பொங்கலும் குளிரிலேயே வருவதால், மலையில் முதன்முறை செய்பவர்கள் பொறுமையின்றி மாவைச் சுட்டு எடுத்துவிடுகிறார்கள்.

இதற்கு எளிய வழி உண்டு. பிசைந்த மாவில் ஒரு சிறு உருண்டையைக் கண்ணாடி டம்ளரில் அழுத்தி வைத்து, அதன் மேல்மட்டத்தில் மையால் ஒரு கோடு இடவும். அதே உயரத்துக்கு மேலே இன்னொரு கோடு இடவும். டம்ளரைப் பாத்திரத்தின் அருகிலேயே வைத்து இரண்டையும் ஈரத்துணியால் மூடவும். டம்ளர் மாவு இரண்டாம் கோட்டைத் தொட்டால் பாத்திரத்து மாவும் தயார். குளிர் அதிகமானால் வெந்நீர் நிரம்பிய குண்டானுக்குப் பக்கத்தில் வைக்கலாம். அடுப்பின் மேலேயே வைக்கக் கூடாது.

மலைக் குளிரை நமக்குச் சாதகமாகவும் திருப்பிக்கொள்ளலாம். பாலுக்குப் பதில் தண்ணீர் விட்டு, ஈஸ்ட்டை 2 கிராமாகக் குறைத்து, இரவு படுக்கப்போகும்போது பிசைந்து மூடி வைத்தால் விடியற்காலையில் மாவு பொங்கியிருக்கும். மெதுவாகப் பொங்கிய மாவில் சுவையும் கூடுதல். சமவெளியில் இப்படி வெளியில் வைக்க வேண்டாம்.

பொங்கிய மாவை மெல்ல அமுக்கி இருபது உருண்டைகளாக்கி, நெய் தடவிய தட்டில் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் அடுக்கவும். அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் மீண்டும் உப்பும். விரலால் இலேசாக அழுத்தினால் குழி மெதுவாக மேலெழ வேண்டும். உடனே எழுந்தால் இன்னும் நேரமாகவில்லை. எழவே இல்லை என்றால் தாமதமாகிவிட்டது, உடனே சுட்டுவிடவும்.

சுடுதல்

மின் அடுப்பு உள்ளவர்கள் 190 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம் சுடலாம். இல்லாதவர்கள் கனமான இரும்புச் சட்டியில் இரண்டு அங்குல உயரத்துக்குச் சலித்த உலர்மணல் பரப்பி, நடுவில் ஒரு தாங்கியை வைத்து மூடி, கால் மணி நேரம் நன்கு காயவிடவும். பிறகு பன் தட்டைத் தாங்கியின் மேல் வைத்துக் கனமான இரும்பு மூடியால் மூடி, மூடியின் மேல் தணல் பரப்பவும். கீழ்ச்சூடு மட்டும் இருந்தால் அடி கருகும், மேல் வெளுத்தே இருக்கும். சட்டியின் அளவுக்கேற்ப இரண்டு மூன்று தடவையாகச் சுட வேண்டிவரும். காத்திருக்கும் உருண்டைகளைக் குளிர்ந்த இடத்தில் வைக்கவும். ஒரு தடவைக்கு 25 முதல் 30 நிமிடம் ஆகும். அலுமினியப் பாத்திரத்தை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

எடுத்தவுடன் மேலே நெய் தடவித் துணியால் மூடினால் தோல் மென்மையாகும். மறுநாள் இட்லிப் பாத்திரத்தில் இரண்டு நிமிடம் ஆவி காட்டினால் புதிது போலிருக்கும். இரண்டு நாட்களுக்கு மேல் வைக்க வேண்டாம். கோடையில் பன்னைப் பிட்டால் உள்ளே பிசுபிசுத்து நூல்போல் இழுபடுவதும், அழுகிய பழ வாடை வீசுவதும் உண்டு. இது ஒருவகை பாக்டீரியாவால் வருவது. இந்த பாக்டீரியாவுக்குப் புளிப்பு ஒத்துக்கொள்ளாது. மாவில் தயிர் சேர்க்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். அப்படிப்பட்ட பன்னை மாட்டுக்கும் போடாமல் புதைத்துவிட்டு, பாத்திரங்களைக் கொதிநீரில் காடி கலந்து கழுவவும்.

மகளிர் குழுவினர் பண்டிகைக் காலத்தில் விற்பனைக்குச் செய்ய விரும்பினால், சிறிய அளவானாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பொட்டலத்தில் தயாரித்த தேதியுடன், மைதா, கோதுமை, சாமை ஆகியவற்றின் பெயர்களையும் அச்சிடவும். ஐந்தில் ஒரு பங்கே சாமை இருக்கையில் வெறுமனே சாமை பன் என்று மட்டும் போட்டு விற்பது வாங்குவோரை ஏமாற்றுவதாகும்.