தேர்தல் நேரத்தில் நம் வீட்டுச் சுவர்: கல்லல் பக்கத்து வீடுகளுக்குச் சில குறிப்புகள்

தேர்தல் நெருங்கியதும் கட்சிக்காரர்கள் சுவர் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். கல்லல், காரைக்குடி வட்டாரத்தில் அவர்கள் கண்ணில் முதலில் படுவது பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் நீளச் சுவர்கள்தான். சொந்தக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். கேட்க ஆளில்லை என்று வெள்ளையடித்து, கட்சிப் பெயரை எழுதி, அம்புக்குறியும் போட்டுவிடுவார்கள். ஆனால் சுவர் யாருடையதோ அவர் சம்மதம் இல்லாமல் கொடிக்கம்பம் நடவோ, பேனர் கட்டவோ, நோட்டீஸ் ஒட்டவோ, வாசகம் எழுதவோ கூடாது என்று தேர்தல் நடத்தை விதியே சொல்கிறது. அந்த உரிமையைக் காத்துக்கொள்ள இந்தக் குறிப்புகள் உதவும்.

1. முதலில் உங்கள் வீடு ஊராட்சியில் இருக்கிறதா, நகர எல்லைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லல் ஊராட்சி, காரைக்குடி 2024 முதல் மாநகராட்சி, தேவகோட்டை நகராட்சி. நகரப் பகுதியில் தேர்தல் சமயத்தில் சொந்தக்காரர் சம்மதித்தாலும் சுவரில் எழுதவோ போஸ்டர் ஒட்டவோ அனுமதி கிடையாது. ஊராட்சிப் பகுதியில் சொந்தக்காரரின் எழுத்துபூர்வ அனுமதி இருந்தால் எழுதலாம். காரைக்குடியில் இருக்கும் மகள் வீட்டுக்கும் கல்லலில் இருக்கும் அம்மா வீட்டுக்கும் ஒரே பதில் பொருந்தாது. ஒவ்வொரு தேர்தலுக்கும் அறிவுரைகள் புதிதாக வரும் என்பதால், தேர்தல் நடத்தும் அலுவலர் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

2. "அண்ணே, எழுதிக்கவா?" என்று வாசலில் நின்று கேட்டதற்குத் தலையாட்டியது அனுமதி ஆகாது. கடிதமாகக் கொடுங்கள். அதில் உங்கள் பெயர், கதவு எண், வீட்டு வரி ரசீது எண், எந்தப் பக்கச் சுவர், எந்த வேட்பாளருக்கு, எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்பவை இருக்கட்டும். "தேர்தல் முடிந்ததும் வேட்பாளர் தரப்பு தன் செலவில் வெள்ளையடித்துத் தர வேண்டும்" என்ற வரியையும் மறக்காமல் சேருங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் வாங்கியவரிடம் கையெழுத்துப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். வேட்பாளர் இந்த அனுமதியின் நகலை 3 நாளுக்குள் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் கொடுக்க வேண்டும்; எழுதிய செலவும் அவர் கணக்கில் ஏறும்.

3. இது நம் பக்கத்து வீடுகளுக்கென்றே உள்ள விஷயம். ஒரே வீட்டில் நாலைந்து பங்கு இருக்கும். ஒரு பங்காளி சரி என்பார், இன்னொருவருக்கு அந்தக் கட்சியே பிடிக்காது. பிறகு முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்குக் கூடும்போது அதுவே மனக்கசப்பாகிவிடும். தேர்தலுக்கு முன்பே எல்லாப் பங்குக்காரர்களும் கலந்து பேசி, "யாருக்கும் கொடுப்பதில்லை" என்றோ, "இன்னாருக்குக் கொடுக்கலாம்" என்றோ முடிவெடுத்துவிடுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் காவல்காரரை இந்தப் பேச்சில் மாட்டிவிடாதீர்கள். உள்ளூரில் பிழைக்கிற மனிதர். நாலு பேர் வந்து நின்றால் மறுத்துப் பேசுவது அவருக்குக் கடினம். "முடிவு முதலாளி கையில், இந்த எண்ணில் கேளுங்கள்" என்று ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்துவையுங்கள்.

4. கொடுக்க விருப்பம் இல்லையென்றால் "அனுமதியின்றி எழுதாதீர், ஒட்டாதீர்" என்று சுவரின் இரு முனையிலும் எழுதி, தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள். பின்னால் புகார் கொடுக்க வேண்டி வந்தால், முன்பு சுவர் எப்படி இருந்தது என்பதற்கு அந்தப் படம் சாட்சி.

5. ஊராட்சி அலுவலகம், பள்ளிக்கூடம், ரயில் நிலையம், பேருந்து நிறுத்தம், பாலம், மின்கம்பம், ஊருணிப் படிக்கட்டு போன்ற பொதுச் சொத்தில் எந்தக் கட்சியும் எழுதவோ ஒட்டவோ கூடாது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எதையும் பிரசார மேடையாக்கக் கூடாது. தமிழ்நாட்டில் பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே சட்டம் வந்துவிட்டது. தேர்தல் அறிவித்ததிலிருந்து அரசுக் கட்டடங்களில் இருப்பவற்றை 24 மணி நேரத்திலும், மற்றப் பொது இடங்களில் 48 மணி நேரத்திலும், தனியார் இடத்தில் அனுமதியில்லாமல் இருப்பவற்றை 72 மணி நேரத்திலும் அகற்ற வேண்டும்.

6. நாமே விரும்பி நம் வீட்டில் கட்சிக்கொடி கட்டலாம். ஒரு கட்சிக்கு அதிகபட்சம் 3 கொடி. ஆனால் குறிப்பிட்ட வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்கும் பேனரை நம் காசில் அடித்து வைப்பதாக இருந்தால், அந்த வேட்பாளரிடம் முதலில் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். ஒப்புதல் இல்லாத செலவு பாரதிய நியாய சம்ஹிதாவின் 176-ஆம் பிரிவில் குற்றம்.

7. போஸ்டரோ துண்டுப் பிரசுரமோ கையில் வந்தால் அடிவரியைப் பாருங்கள். அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் கட்டாயம் இருக்க வேண்டும். மீறினால் 6 மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அச்சகம் வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும்: வெளியிடுபவர் கையெழுத்திட்டு, அவரை நேரில் அறிந்த இருவர் சான்றளித்த உறுதிமொழியை வாங்கிக்கொண்டுதான் அச்சை ஓட்டலாம். பெயரில்லாமல் ஒருவரைத் தூற்றும் நோட்டீஸ்கள் சின்ன ஊரில் எத்தனை குடும்பங்களைப் பிரித்துவிடுகின்றன! அடிவரி இல்லாத தாளை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள்.

8. சாலையோரம் ஃப்ளெக்ஸ் பேனர் கட்டுவதை மட்டும் ஒருபோதும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்த பேனர் ஒன்று, ஸ்கூட்டரில் போன 23 வயது மென்பொருள் பொறியாளர் மேல் சரிந்தது. கீழே விழுந்தவர் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி அவர் இறந்துபோனார். அது ஒரு கல்யாணத்துக்கு வைத்த பேனர். கட்சியோ, கல்யாணமோ, காதுகுத்தோ, பொது இடத்தில் வைக்க முன் அனுமதி வேண்டும். உங்கள் வீட்டு முன் யாராவது குழி தோண்டினால் அனுமதித் தாளைக் காட்டச் சொல்லுங்கள். மின்கம்பி அருகில் இரும்புக் குழாய் நடவே விடாதீர்கள்.

9. மீறல் கண்ணில் பட்டால் தெருவில் நின்று சண்டை வேண்டாம். தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியிலேயே படமோ சின்ன வீடியோவோ எடுத்து அனுப்பினால் 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை எடுப்பது இலக்கு. பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். 1950 என்ற எண்ணுக்கும் பேசலாம். ஊராட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். அப்போது வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

10. வீட்டுக்கு 100 மீட்டருக்குள் வாக்குச்சாவடி இருந்தால், வாக்குப்பதிவு நாளுக்கு முந்தைய இரவே கொடி, பேனர் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள்.

11. தேர்தல் முடிந்து சுவரைச் சுத்தம் செய்யும்போது பழைய சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் அவசரம் கூடாது. போஸ்டரைத் தண்ணீரில் நன்றாக ஊறவிட்டு, மரச் சட்டத்தால் மெதுவாக வழியுங்கள். இரும்பு பிரஷ், ஆசிட் இரண்டும் பக்கத்திலேயே வரக் கூடாது. அந்தப் பூச்சின் வழுவழுப்பு போனால் திரும்ப வராது. சுண்ணாம்பில் எழுதியது நனைத்துத் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். எனாமல் பெயின்டில் எழுதியிருந்தால் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைக் கூப்பிடுங்கள். சிமென்ட் வைத்துப் பூசி மறைத்தால் ஈரம் உள்ளேயே நின்று, சுற்றியுள்ள பூச்சும் பெயரும்.